இருக்கத் தெரியாத அக்கா

தாய்வான் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த ஒரு பெண், ஈஸ்ட் ஹாமில் எங்களோடு ஒரு தையல் பக்டரியில் பிளவுஸ் அயர்ன் பண்ணினவர் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. "அம்மா சும்மா அளக்கிறா" என்று சிரிப்பார்கள். நான் அளக்கவில்லை. இரண்டு தேர்தலில் வென்று மூன்றாவதில் தோற்றவர் அவர். அதற்கு முன்னால் எங்களோடு நாலு வருசம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. பக்டரியில் அது ஒருவர் வாயிலும் சரியாக வந்ததுமில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, அதை ஏதோ பட்டம் என்று நினைத்து, தன்னையும் அப்படியே கூப்பிடச் சொன்னார். அன்றிலிருந்து முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அக்கா. நாங்கள் கதைத்தது இங்கிலீஷில். என்னுடையதும் அரைகுறை, அவருடையதும் அரைகுறை. ஆனால் இத்தனை வருசம் கழித்து நினைக்கும்போது அவர் என் காதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதிவிடுகிறேன்.

அவருக்கு இருக்கத் தெரியாது. எங்கள் பதினாலு பேருக்கும் மெஷினும் ஸ்டூலும் இருந்தன. அவருக்கு அயர்ன் மேசை, நின்று செய்கிற வேலை. அது கிடைத்த வேலை இல்லை, கேட்டு வாங்கிய வேலை. மத்தியானச் சாப்பாட்டு அரை மணியிலும் ஒரு கையில் அப்பிளை வைத்துக் கடித்தபடி மெஷின் வரிசைகளுக்கு நடுவால் போய்வந்துகொண்டிருப்பார். எங்களுக்குத் தலை சுற்றும்.

"கொஞ்சம் இருங்கோ அக்கா."

"இருந்தால் யோசினை வரும்," என்பார். "நடந்தால் வேலை நடக்கும்."

அவரோடு பஸ்ஸுக்கு நிற்கவும் முடியாது. இரண்டு நிமிசத்துக்கு மேல் நின்றால் கால் துருதுருக்கத் தொடங்கிவிடும். "வாரும், அடுத்த ஸ்டொப்புக்கு நடப்பம்" என்று என் கையைப் பிடித்து இழுப்பார். இரண்டு ஸ்டொப்புக்கும் சரி நடுவில் போகும்போது பஸ் எங்களைத் தாண்டிப் போகும். மழைக்குள் எத்தனை தரம் அப்படிக் கைகாட்டிக்கொண்டு ஓடியிருப்போம். ஒரு முறையாவது அவர் வருத்தப்பட்டதில்லை. "நிண்டிருந்தாலும் அது வந்திருக்கும் எண்டு என்ன நிச்சயம்?" என்று கேட்பார். பஸ் போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்துகொண்டிருக்கும்.

கால் மட்டுமில்லை, மனமும் அப்படித்தான். ஒரு விசயம் பிழையாக இருக்கிறது என்று பட்டால் அதை விடமாட்டார். கவுன்சில் ஒட்டியிருக்கிற நோட்டீஸ், கிளினிக் கதவில் தொங்குகிற அறிவித்தல், பூங்கா வாசலில் இருக்கிற சட்டதிட்டம் எல்லாவற்றையும் கடைசிப் பொடி எழுத்துவரை வாசிப்பார். வாசித்து முடித்துவிட்டு யாரோ ஒரு கிளார்க்கிடம் போய் நின்று விளக்கம் கேட்பார். நாங்கள் எழுத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிற ஆட்கள். எங்களுக்கு அப்போது இங்கே இருக்கலாம் என்று ஒரு கடிதம் மட்டும்தான். அவரிடமும் அதே மாதிரி ஒரு கடிதம்தான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி இந்தக் குரலில் கேள்வி கேட்கிறார் என்று எனக்குப் பயமாக இருக்கும்.

அந்தக் கடிதம் அவருக்கு வந்த கதையைப் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு நாளில் சொன்னார். படிக்க வந்தவர். அவர்களுடைய நாட்டில் அப்போது ராணுவச் சட்டம். லண்டனில் படித்துக்கொண்டிருந்த சிலர் சேர்ந்து, ஊரில் பிடித்து அடைக்கப்பட்டவர்களை விடச்சொல்லி தங்கள் அரசாங்கத்தின் கட்டிடம் ஒன்றுக்கு முன்னால் சுலோக மட்டையோடு நின்றார்கள். உள்ளே இருப்பவர்கள் படம் எடுப்பார்கள் என்று தெரியும். அதனால் எல்லோரும் காகித முகமூடி போட்டிருந்தார்கள்.

"எல்லாரும் நிண்டவை. நான் மட்டும் அங்கயும் இஞ்சயும் நடந்தன்," என்றார். "முகத்தை மறைச்சனான், நடையை மறைக்கேல்லை. வகுப்பில படிச்ச ஒருத்தன் நடையைப் பார்த்தே சொல்லிக்குடுத்திட்டான்."

புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போட் திரும்பி வரவே இல்லை. ஊருக்குத் திரும்பக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் இருந்ததாம். அதில் அவர் பெயரும் ஏறிவிட்டது. சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பக்டரியின் பின்கதவுக்கு ஒரு சங்கிலியும் பூட்டும் போட்டிருந்தது. துணி களவு போகிறது என்பது முதலாளி சொன்ன காரணம். அவர் கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்கு எங்கள் எல்லோருக்கும் ஸ்வீட் பெட்டி தருவார். அக்கா அந்தப் பூட்டைக் கண்ட நாளிலிருந்து அவருடைய விரல்கள் அயர்ன் மேசையில் தட்டத் தொடங்கிவிட்டன.

"நெருப்புப் பிடிச்சால் நாங்கள் எப்பிடி வெளிய போறது?" என்று முதலாளியிடம் கேட்டார்.

"பிடிக்காது," என்றார் அவர்.

அடுத்த கிழமையும் கேட்டார். அதற்கடுத்த கிழமையும் கேட்டார். பிறகு கேட்கவில்லை. முதலாளிக்கு நிம்மதி. எங்களுக்கும் நிம்மதி. பத்து நாள் கழித்துக் கவுன்சிலிலிருந்து இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார்கள். கதவைப் பார்த்தார்கள், படியைப் பார்த்தார்கள், வயர்களைப் பார்த்தார்கள். அன்று மத்தியானமே பக்டரியை மூடச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுபடி திறக்க ஐந்து கிழமை எடுத்தது. திறந்தபோது பதினாலு பேரில் ஒன்பது பேரைத்தான் முதலாளி எடுத்தார். அக்காவை எடுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஒன்பதுக்குள் இருந்தேன். மன்னாரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் இருக்கவில்லை. அவருக்கு அப்போது ஐந்து மாதம். வாசலில் நின்று தேவமாதாவைக் கூப்பிட்டு அழுதுவிட்டுப் போனார். அந்த அழுகையோடுதான் நான் அக்காவின் அறைக்குப் போனேன். ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே சின்ன அறை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார்.

"அக்கா, கவுன்சிலுக்குக் கடிதம் எழுதேக்க எங்களில ஒராளையாவது கேட்டனீங்களா?"

"கேட்டிருந்தால் வேண்டாம் எண்டு சொல்லியிருப்பியள்."

"ஓம், சொல்லியிருப்பம். எங்கட வேலை, எங்கட உயிர். சொல்லவேண்டியது நாங்கள்தானே?"

அவர் நடப்பதை நிறுத்தினார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தரம். கீழே கடையில் யாரோ பெட்டிகளை இறக்குகிற சத்தம் கேட்டது.

"எங்கட நாட்டில மேல இருக்கிறவையும் இதைத்தான் சொல்லுறவை," என்றார் மெதுவாக. "சனத்தைக் கேட்டால் வேண்டாம் எண்டு சொல்லும், அதால கேக்கத் தேவையில்லை எண்டு."

நான் கோபம் ஆறாமலேயே வந்துவிட்டேன். இரண்டு மாதம் அவரோடு கதைக்கவில்லை. அந்த இரண்டு மாதத்தில் அவர் வேலை போன ஐந்து பேருடைய வீட்டுக்கும் தனித்தனியே போயிருக்கிறார். மன்னார்ப் பெண் இரண்டு தரம் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் தரம் திறந்தாராம். குழந்தை பிறந்த பிறகு ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் அவருக்கு வேலை எடுத்துக்கொடுத்தது அக்காதான். தானும் ஒரு சலவைச்சாலையில் சேர்ந்துவிட்டார். அங்கேயும் கட்டில் விரிப்புகளுக்கு அயர்ன், அங்கேயும் நின்றபடி.

பக்டரிப் பின்கதவு அதற்குப் பிறகு எப்போதும் பூட்டப்படவில்லை. நெருப்பும் பிடிக்கவில்லை. அந்தக் கதவால் ஒருவருக்கும் ஓடவேண்டி வரவில்லை. கோடையில் காற்று வந்தது, அவ்வளவுதான். அக்கா செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் ஒரு முடிவு இல்லை. ஒன்று மட்டும் தெரியும். அதற்குப் பிறகு அவர் எதற்கும் ஆட்களைக் கேட்கத் தொடங்கினார். எங்கள் வீட்டுக்கு வந்தால் "ஜன்னலைத் திறக்கட்டா, எல்லாருக்கும் சம்மதமா?" என்று தொட்டிலில் கிடக்கிற பிள்ளையையும் சேர்த்துக் கேட்பார். என் கணவருக்கு அது பெரிய பகிடி. இவர், ஊர் வழக்கப்படி இவர் என்றே எழுதிவிடுகிறேன், அக்காவைப் பகிடிபண்ணித் தேத்தண்ணி ஊற்றும்போதுகூட வாக்கெடுப்பு வைப்பார்.

அக்கா தன்னுடைய அம்மாவோடு எங்கள் வீட்டுப் போனில்தான் கதைப்பார். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வருவார். அங்கே லைனில் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்பது அம்மாவுக்கும் மகளுக்கும் தெரியும். அதனால் மழையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் மட்டும் கதைப்பார்கள். ஆறு வருசம் மழையும் சாப்பாடும்.

அந்த அம்மா செத்துப்போனார். அக்காவால் போக முடியவில்லை. செத்த வீட்டு நாளில் அவருடைய தம்பி அங்கிருந்து போன் எடுத்து, ரிசீவரைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இங்கே அப்போது காலை. நான் அடுப்படியில் நின்றேன். முக்கால் மணித்தியாலம் அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, வயர் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் நடந்து திரும்பினார். நாலு அடி அங்கே, நாலு அடி இங்கே. ஒரு முறை எனக்கும் காதில் வைத்தார். பறையும் மணியும் போல ஒரு சத்தம், யாரோ ஓதுகிறார்கள், தூரத்தில் ஒரு பிள்ளை இருமுகிறது.

ரிசீவரை வைத்த பிறகு என்னைக் கேட்டார். "உம்மட அப்பா போனநேரம் நீர் எப்பிடி?"

"எங்கட ஊரில போன் இல்லை அக்கா. மூண்டு கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. நான் அண்டைக்கு வேலைக்குப் போட்டு வந்து, சமைச்சுப்போட்டுத்தான் உடைச்சனான்."

"உமக்குச் சத்தம்கூடக் கிடைக்கேல்லை," என்று சொல்லிவிட்டு என் தலையைத் தடவினார். அவருடைய அம்மா செத்த நாள் அது. ஆறுதல் வாங்கினது நான்.

அங்கே ராணுவச் சட்டம் எடுபட்ட பிறகும் பட்டியல் போகவில்லை. ஒரு தரம் பொறுக்கமாட்டாமல், இங்கே கொடுத்த பயணப் பத்திரத்தோடு விமானம் ஏறிவிட்டார். மூன்றாம் நாள் ஹீத்ரோவிலிருந்து நேரே எங்கள் வீட்டு வாசலில் பையோடு வந்து நின்றார். இறங்கிய இடத்திலேயே நிறுத்தி, அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம்.

"ஆறு மணித்தியாலம் என்ர மண்ணில நிண்டனான்," என்றார். "கண்ணாடிக்கு அங்கால மழை பெய்தது. அதைத் தொடலாமா எண்டு காவல்காரப் பெட்டையைக் கேட்டன். அவளுக்கு அழுகை வந்திட்டுது. ஆனால் விடேல்லை."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பட்டியலைத் தளர்த்தினார்கள். செய்தி வந்த கிழமையே அவர் போய்விட்டார். அறையை எங்களைக்கொண்டுதான் ஒழிப்பித்தார். ஒழிக்கவும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கதிரை ஒன்று இருந்தது. அதன் மேல் ஆள் இருந்த தடமே இல்லை. முழுக்கப் பத்திரிகைக் கட்டுகள்.

பிறகு ஒரு நாள் ஒரு தேர்தல் நோட்டீஸ் தபாலில் வந்தது. அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார், கை கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. படம் எடுக்கிற நேரத்திலும் அசைந்திருப்பார். வென்றுவிட்டேன் என்று இரண்டு வரிக் கடிதம் அடுத்து வந்தது. அந்தப் பாராளுமன்றத்தில் அடிபிடி நடக்கிறதென்று இங்கத்தை ரீவியில் அடிக்கடி காட்டுவார்கள். ஒரு பின்னேரம் இவர் கூப்பிட்டார்.

"இஞ்ச ஓடிவாரும், உம்மட அக்கா மேசையில ஏறி நிக்கிறா."

இரண்டு செக்கன்தான். நீலச் சட்டை போட்ட ஒரு பெண், கையில் மைக், கீழே பத்துப் பேர் இழுபறி. அக்கா இல்லை என்று பிறகு இவரே சொன்னார். அக்காதான் என்று நான் சொன்னேன். கதிரை இருக்கக்கூடியதாக மேசையில் நிற்கிற ஆள் வேறு யார்?

இரண்டாம் முறையும் வென்ற பிறகு, ஒரு மாசி மாதக் குளிரில் லண்டன் வந்தார். ஏதோ உறுப்பினர் குழுவோடு வந்தவர், அவர்களை ஹோட்டலில் விட்டுவிட்டு ரெயில் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல கோட், நல்ல சப்பாத்து. முகம் மட்டும் வாடியிருந்தது. அடுப்படியில் நடக்கத் தொடங்கினார். நான் தேத்தண்ணி போட்டேன்.

அவர்களுடைய நாட்டுப் பக்டரிகளுக்கு இப்போது வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவருகிறார்கள் என்றார். பிலிப்பைன்ஸ், தாய்லாந்துப் பெட்டைகள். வந்தவர்கள் முதலாளியை மாற்ற முடியாது. விட்டுப் போனால் திருப்பி அனுப்பலாம். அதை இன்னும் இறுக்குகிற ஒரு திருத்தம் சபைக்கு வந்தது. அவருடைய கட்சி ஆதரிக்க முடிவெடுத்தது.

"நான் கை உயர்த்தினன்," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எதிரா?"

"இல்லை. அதுக்காக." நடை நிற்கவில்லை. "வேலைக்குப் போற தாய்மாரின்ர பிள்ளையளுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தனான். அதுக்குக் கட்சியின்ர ஆதரவு வேணும். இதுக்குக் கை தந்தால் அதுக்குக் கை தருவினம்."

"அது பாஸாகினதா?"

"ஓம். நல்ல சட்டம்."

நல்ல சட்டம் என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு, "உம்மட முதலாளி என்னை நிப்பாட்டேக்க நான் அடுத்த மாசமே வேற இடத்துக்குப் போனனான். அவையளுக்கு அது ஏலாது. ஏலாமல் பண்ணின கையில இதுவும் ஒண்டு," என்று வலது கையைக் காட்டினார்.

நான் ஆறுதல் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருப்பார். ஆனால் அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து கிடந்தது. என் அம்மா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட ஒருவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அது பொறாமை.

"அந்தப் பெட்டையளின்ர இடத்துக்கு ஒருக்காலாவது போய்ப் பார்த்தனீங்களா?" என்றேன்.

"இல்லை."

"ஏன்?"

"போயிருந்தால் கை உயர்த்த ஏலாமல் போயிருக்கும்."

"அப்ப இனிப் போங்கோ," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

தேத்தண்ணியைத் தொடாமல் போய்விட்டார். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. என் அம்மாவைப் பற்றி மட்டும் விசாரித்திருந்தார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த அம்மா திரும்ப வீட்டுக்குப் போய்விட்டாராம், கூரை மட்டும் இல்லையாம் என்று பதில் போட்டேன். மற்றதைப் பற்றி நானும் எழுதவில்லை.

ஒன்றரை வருசம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் போன் அடித்தது.

"அம்மா எப்பிடி? கூரை போட்டாச்சுதா?" என்பது முதல் கேள்வி. போட்டாயிற்று என்றேன். பிறகு சொன்னார். லண்டனிலிருந்து போன கையோடு அந்தப் பெட்டைகள் தங்குகிற ஒரு விடுதிக்குப் போயிருக்கிறார். முதல் தரம் மனேச்சர் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாட்டுக் கூடத்தை மட்டும் காட்டினாராம். இரண்டாம் தரம் சொல்லாமல், தனியாக, லீவு நாளில் போனார். அறைக்கு எட்டுக் கட்டில். பாஸ்போட் எல்லாம் மனேச்சரின் கந்தோர் அலுமாரியில்.

"இருபத்திரண்டு பேரோட கதைச்சனான். ஒவ்வொருத்தரையும் கேட்டன், நான் சபையில கேக்கட்டா எண்டு. ஆறு பேர் வேண்டாம் எண்டவை. தங்கட வேலை போயிடும் எண்டு பயம். அவையளின்ர விடுதியின்ர பேர் வராமல் எழுதினனான்."

வந்தவர்கள் முதலாளியை மாற்றலாம் என்று அவர் எழுதிய திருத்தத்தைக் கொண்டுவர வேண்டாம் என்று கட்சி சொல்லியிருக்கிறது. அவர் கொண்டுவந்தார். அந்தக் கிழமைதான் வாக்கெடுப்பு நடந்து, தோற்றுப்போயிருந்தது. அடுத்த தேர்தலுக்குக் கட்சி அவரை நிறுத்தாது.

"தேர்தலைத் தனியக் கேக்கப்போறன். தோற்பன்," என்றார். பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

"எத்தினை வாக்கு விழுந்தது அக்கா?"

"மூண்டு."

நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருக்கிற சபை. "மூண்டுதானா?" என்றேன்.

"ஓம், மூண்டு. மற்ற ரெண்டு பேரையும் நான் கேக்கவும் இல்லை. அவையாத்தான் உயர்த்தினவை." அவருடைய குரலில் நான் அதுவரை கேட்டிராத ஒரு சந்தோசம் இருந்தது.

"போன முறை, சட்டத்தை இறுக்கேக்க, எத்தினை பேர் எதிர்த்தவை?"

"போன முறை ஒருத்தருமில்லை," என்றார் அக்கா. "நான்கூட இல்லை."